பெருந்துறைப் பறவை

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், பார்க்கப் போகும் பெற்றோருக்கு இடங்களைக் காட்ட ஒரு வரிசை வைத்திருப்பார்கள். முதலில் சூப்பர் மார்க்கெட். அடுத்து கோயில். மெல்போர்ன் என்றால் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். அங்கே பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டு, "நம்ம ஊராட்டமேதான் இருக்குது" என்று சொல்லி முடித்ததும் கடற்கரை. அப்புறம் உயரமான கட்டடம். அதன்பின் அங்கே குடியேறிவிட்ட நம் ஊர்க்காரர்களின் வீடுகள். எல்லா வீட்டிலும் கார் நிறுத்தும் அறையைத் திறந்து காட்டுவார்கள், நாமும் உள்ளே எட்டிப் பார்த்து "ஓ" என்று சொல்ல வேண்டும். இவ்வளவும் தீர்ந்து, ஊர் திரும்பும் தேதியும் வராமல், அப்பாவும் அம்மாவும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆளே இல்லாத தெருவைப் பார்க்க ஆரம்பித்தால் மகளுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும்.

"அப்பா, சனிக்கிழமை மிருகங்களைப் பாக்கப் போலாமா?"

எங்களுக்கும் அந்தக் கட்டம் வந்தது. நான், என் மனைவி, அவளுடைய தம்பி, மூன்று பேரும் மகளோடும் பேத்தியோடும் கிளம்பத் தயாரானோம். மச்சினன் எங்களோடு எப்படி வந்தான் என்று கேட்பீர்கள். பெருந்துறைக்குப் பக்கத்தில் மஞ்சள் போடுகிற விவசாயி அவன். அக்கா மகள்மேல் பாசம் அதிகம். அவள் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது, "மாமனும் வரட்டும்ப்பா, அவர் எங்கேயுமே போனதில்லை" என்றாள். போனதில்லை என்பது உண்மைதான். போக வேண்டிய பணம் வேறு ஒரு வழியில் போய்விட்டது. அந்த வழியைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

மெல்போர்ன் நகரத்துக்குள்ளேயே 1862-இல் தொடங்கிய பெரிய மிருகக்காட்சிசாலை இருக்கிறது. மகள் எங்களைக் கூட்டிப்போனது அங்கே அல்ல. ஒரு மணி நேரம் காரில் போய், திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி, மண் ரோட்டில் திரும்பினால் வரும் சின்ன இடம். ஆஸ்திரேலிய மண்ணுக்கே உரிய மிருகங்களும் பறவைகளும் மட்டும். நுழைவாயில், டிக்கெட் கவுண்டர், பொம்மைக்கடை, காபிக்கடை எல்லாம் ஒரே அறை. டிக்கெட் விலையை என் மனைவி வழக்கம்போல ஐம்பத்தைந்தால் பெருக்கிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

"சிங்கம் இருக்குதா கண்ணு?"

"இல்லம்மா."

"யானை?"

"இல்ல."

"கொரங்காச்சும்?"

"ஆஸ்திரேலியாக் காட்டுலயே குரங்கு கிடையாதும்மா."

"கொரங்கு இல்லாத ஊர்ல ஜூவுக்கு எதுக்குக் காசு?" என்றாள். நியாயமான கேள்வி. வண்டலூரில் காசு கொடுத்துக் குரங்கைப் பார்க்கிறோம். பழனியில் குரங்கு நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. எப்படியும் குரங்குக்கென்று ஒரு தொகை ஒதுக்கித்தான் நாம் பயணம் போகிறோம்.

உள்ளே போனதும் கங்காரு. வேலிக்குள் நாமே போகலாம். தீவனப் பொட்டலம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உலகத்துக்கே தெரிந்த மிருகம், பாய்ந்து பாய்ந்து வரும் என்று எதிர்பார்த்தால், அத்தனையும் மரநிழலில் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, தலையைத் தூக்கி, ஸ்ரீரங்கத்துப் பெருமாள் மாதிரி சயனத்தில் இருந்தன. ஒன்று மட்டும் எங்களைப் பார்த்துவிட்டு வயிற்றைச் சொறிந்துகொண்டது. பேத்தி உள்ளங்கையில் தீவனத்தை நீட்டியதும் ஒரு தாய் எழுந்து வந்தது. பைக்குள்ளிருந்து ஒரு தலையும், அதற்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து ஒரு காலும் நீட்டிக்கொண்டிருந்தன.

அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதிருக்கும், காக்கி அரைக்கால் சட்டையும் பூட்ஸுமாக வந்து விளக்கினாள். மகள் தமிழாக்கினாள். கங்காருக் குட்டி பிறக்கும்போது அவரைக்கொட்டை அளவுதான். கண் திறக்காத அந்த உயிர் தாயின் வயிற்று ரோமத்தைப் பற்றிக்கொண்டு தானாகவே ஏறிப் பைக்குள் போய்ச் சேரும். பையில் ஒன்று வளரும்போதே வயிற்றில் அடுத்த கரு உருவாகி, இடம் காலியாகும்வரை வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். பையை விட்டிறங்கிய மூத்ததும் தலையை நுழைத்துப் பால் குடிக்க வரும். மூத்ததற்கு ஒரு காம்பில் ஒரு வகைப் பால், சின்னதற்கு இன்னொரு காம்பில் வேறு வகைப் பால். தாய் இரண்டையும் ஒரே நேரத்தில் சுரக்கும்.

என் மனைவி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "இதுக்கு மாமியாருன்னு யாரும் கிடையாதா?"

மகள் இதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

மச்சினனின் கவலை வேறு. முந்தின நாள் சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தட்டில் சிவப்பாக அடுக்கியிருந்த கறியின்மேல் கங்காருப் படத்தைப் பார்த்திருக்கிறான். இந்த நாட்டின் அரசுச் சின்னத்தில் ஒரு பக்கம் நிற்பது கங்காரு. "அங்க கும்பிடறாங்க, இங்க கிலோ என்ன வெலைங்கறாங்க" என்று முணுமுணுத்தான். சின்னத்தின் இன்னொரு பக்கம் நிற்பது யார் என்று அப்போது நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைய நாள் அங்கேயே நின்றிருக்கும்.

கோலாவுக்குப் போனோம். கோலா கரடி என்று நாம் சொல்கிறோம், அது கரடியே அல்ல, கங்காருவுக்குத்தான் உறவு. நாளில் இருபது மணி நேரம்வரை தூங்கும். மீதி நேரத்தில் யூகலிப்டஸ் இலை தின்னும். பெரும்பாலான மிருகங்களுக்கு அது விஷம். கோலாவின் ஈரல் அதைச் சமாளித்துவிடுகிறது. ஆனால் இலையில் சத்து குறைவு, செரிக்க நேரம் அதிகம், ஆகவே தூங்கித்தான் கட்டுப்படியாக்க வேண்டும். உடம்பு அளவுக்கு ஒப்பிட்டால் மூளையும் சின்னது. குட்டிக்கு இலையைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் வேண்டுமே என்று தாய் ஒரு தனி வகைச் சாணத்தைப் பிரத்யேகமாகத் தயாரித்து ஊட்டும். இந்தத் தகவலை மகள் பேத்தியின் காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள். பேத்திக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்களாம்.

கோலாவைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று மனைவி பட்டுப்புடவை உடுத்தி வந்திருந்தாள். விக்டோரியா மாநிலத்தில் அதற்கு அனுமதி இல்லை. பக்கத்தில் நின்றுகொள்ளலாம். நின்றாள். அது கண்ணைத் திறக்கவில்லை. எட்டடி தள்ளி நின்றபோதே எனக்கு ஒரு வாசம் வந்தது. சின்ன வயதில் சளி பிடித்தால் என் அம்மா நெஞ்சில் தேய்த்துவிடும் அதே தைலம்.

"ஏனுங்க, இது ஊட்டி மரமில்லீங்களா?" என்றாள் மனைவி, கோலா பிடித்திருந்த கிளையைப் பார்த்து.

ஊட்டி மரம் அல்ல, ஊட்டியில் இருப்பதுதான் இந்த ஊர் மரம். வெள்ளைக்காரர்கள் 1840-களில் நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டார்கள். குளிருக்கு விறகு வேண்டும் என்பதுதான் காரணம். வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். மலையில் இருந்த புல்வெளிகளை விழுங்கிக்கொண்டு வளர்ந்தது. நாம் அதிலிருந்து தைலம் காய்ச்சி, அதற்கு நீலகிரித் தைலம் என்று பெயரும் வைத்து, மலையில் இறங்கும் ஒவ்வொரு சுற்றுலா பஸ்ஸிலும் இரண்டு பாட்டில் ஏற்றி அனுப்புகிறோம். மரம் வந்தது, வாசம் வந்தது. தின்கிற ஆள் மட்டும் வரவில்லை.

"அத்தனை மரம் சும்மாதான நிக்குது. இதுல நாலு கொண்டுபோயி அங்க விட்டா என்ன?" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மச்சினன் முகம் மாறிவிட்டது. கோலாவை மேலிருந்து கீழாகப் பார்த்தான். உதடு அசைந்தது. பல வருஷமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் கண்ணில் வந்தது.

"தீவனச் செலவு கெடையாது. செட்டு வேண்டாம். எந்நேரமும் தூங்குது, ஓடிப்போவுங்கற பயமில்ல..."

"மாப்ளே," என்றேன்.

"இல்லீங்க மாமா, கணக்குக்குச் சொல்றேன்."

"கணக்கே வேண்டாம்."

மகளும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனைக் கோலாவிடமிருந்து நகர்த்தினார்கள். கோலா அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பியது அதற்குத் தெரியாது.

வாம்பட்டை அதிகம் பார்க்க முடியவில்லை. வளைக்குள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கங்காரு மாதிரி அதற்கும் பை உண்டு, ஆனால் வாய் பின்பக்கம் திறந்திருக்கும். வளை தோண்டும்போது குட்டிமேல் மண் விழாது. பார்க்கக் கிடைத்தது அதன் புழுக்கை. உருண்டை இல்லை, சதுரம். பகடைக்காய் வடிவத்தில் சதுரம் சதுரமாகப் போடும் ஒரே மிருகம் இதுதான். குடலின் சுவர் ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் இளக்கமாகவும் இருப்பதால் அந்த வடிவம் வருகிறது என்று கண்டுபிடித்த விஞ்ஞானிகளுக்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசு 2019-இல் கிடைத்தது. விவசாயியான மச்சினன், உருளாமல் இருப்பதால் எரு அடுக்குவதற்குச் சௌகரியம் என்று ஒப்புக்கொண்டான். அடுத்த கேள்வி கேட்பதற்குள் நகர்ந்துவிட்டோம்.

டாஸ்மேனியப் பிசாசு தூங்கிக்கொண்டிருந்தது. குடியேறிய வெள்ளைக்காரர்கள் இரவில் இதன் அலறலைக் கேட்டு நடுங்கி வைத்த பெயராம். பார்த்தால் காதில் சிவப்பு வெளிச்சம் தெரியும் கறுப்பு நாய்க்குட்டி. 1996-இலிருந்து ஒன்றையொன்று கடிப்பதால் பரவும் முகப் புற்றுநோய் டாஸ்மேனியாவில் இவற்றைக் கொன்று வருகிறது. நோயில்லாத கொஞ்சத்தைத் தனியே வைத்துக் காப்பாற்றும் வேலையை இந்த மாதிரி இடங்கள் செய்கின்றன. என் மனைவி டிக்கெட் காசைப் பற்றிச் சொன்னதை அந்தக் கூண்டுக்கு முன்னால் வாபஸ் வாங்கிக்கொண்டாள். பாதியை மட்டும்.

பிளாட்டிபஸ் அங்கே இல்லை. அதற்கு ஹீல்ஸ்வில் போக வேண்டும். ஒரு பலகைதான் இருந்தது, ஆனால் படிக்க நின்றதில் எனக்குக் கிடைத்தது அந்த நாளின் பாதி. வாத்து மூக்கு, நீர்நாய் உடம்பு, முட்டையிட்டுப் பால் கொடுக்கும், ஆணின் பின்னங்காலில் விஷமுள். இதன் தோல் லண்டனுக்குப் போனபோது 1799-இல் அதைப் பரிசோதித்து எழுதிய ஜார்ஜ் ஷா, யாரோ வாத்து மூக்கைத் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். அது ஒரு பக்கம். 1943-இல், உலகப்போர் உச்சத்தில், வின்ஸ்டன் சர்ச்சில் தனக்கு ஆறு பிளாட்டிபஸ் அனுப்பச் சொல்லி ஆஸ்திரேலியாவைக் கேட்டார். ஆறெல்லாம் முடியாது என்று பேசி, டேவிட் ஃப்ளே என்ற இயற்கையியலாளர் ஒன்றைத் தயார் செய்து கொடுத்தார். அதற்கு வின்ஸ்டன் என்றே பெயர். கப்பலில் அதற்குத் தனித் தொட்டி, தினமும் நூற்றுக்கணக்கில் மண்புழு. லிவர்பூலுக்குச் சில நாள் இருக்கும்போது செத்துப்போனது.

நான் இதைப் படித்துக்காட்டியதும் மச்சினன் நிமிர்ந்தான். "ஆறு கேட்டாரா?"

"ஆறு."

"அவரும் ஆறுதான் கேட்டிருக்காரு," என்றான். குரலில் ஒரு திருப்தி.

இனிமேல் மறைத்துப் பயனில்லை. அவன் வாங்கியதும் ஆறுதான். ஈமுக் கோழி.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சு கொடுப்பார்கள். கொட்டகை அவர்களே போட்டுத் தருவார்கள், தீவனம் அவர்களே கொடுப்பார்கள். நாம் வளர்த்தால் போதும். மாதம் ஆறாயிரம் கூலி, வருஷக் கடைசியில் போனஸ். எண்ணெய்க்கு மவுசு, கறிக்கு மவுசு, தோலுக்கு, இறகுக்கு, முட்டை ஓட்டுக்குக்கூட மவுசு என்றார்கள். டிவியில் சினிமா நடிகர்கள் வந்து சொன்னார்கள். நான் வங்கியில் வேலை பார்த்தவன். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதான் மச்சினன் என்னைக் கேட்கவில்லை. ஈமுக்கறி தின்கிற ஒருவரை நான் ஈரோட்டில் பார்த்ததில்லை. ஈமு வளர்க்கிற நூறு பேரைப் பார்த்தேன். குஞ்சு பெரிதாகி முட்டையிட்டு, அந்த முட்டையில் வந்த குஞ்சை அடுத்தவர் ஒன்றரை லட்சம் கட்டி வாங்க, அந்தப் பணத்தில் முதல் ஆளுக்குக் கூலி. அடுத்த ஆள் கிடைக்கிறவரை எல்லாரும் பணக்காரர்கள். 2012 ஆகஸ்டில் அடுத்த ஆள் கிடைக்கவில்லை. பெருந்துறைப் பக்கம் கம்பெனி அலுவலகம் முன்னால் கூட்டம், போலீஸ், கோயம்புத்தூர் நீதிமன்றத்தில் வழக்கு. தீவனம் நின்றுபோய்ப் பறவைகள் பட்டினி கிடக்க, கடைசியில் அரசாங்கம் கால்நடைத் துறை வழியாகத் தீவனம் போட வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியோடு நாங்கள் அடுத்த வேலியருகே போனோம். மகள் முன்னால் போனவள் சட்டென்று திரும்பி, "அப்பா, இந்தப் பக்கம் வேண்டாம், பாம்பு பாத்துட்டு வரலாம்" என்றாள். அதற்குள் வேலிக்கு மேலே ஒரு கழுத்து எழும்பியது. ஆளுயரம். கலைந்த தலை. ஆரஞ்சு நிறக் கண். அது எங்கள் எல்லாரையும் தாண்டி மச்சினனைப் பார்த்தது. அவனும் பார்த்தான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"பொட்டை," என்றான் அவன்.

காக்கிப் பெண் அங்கே ஒரு கூட்டத்தைச் சேர்த்து விளக்க ஆரம்பித்திருந்தாள். சீனக் குடும்பம் ஒன்று, ஜெர்மன்காரர்கள்போலத் தெரிந்த ஒரு தம்பதி, உள்ளூர்ப் பாட்டி ஒருவர். ஈமுவில் ஆணையும் பெண்ணையும் தோற்றத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம் என்று அவள் சொன்னாள். மகள் வாய் தவறி, "எங்க மாமா இது பெண்ணுங்கறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். எப்படித் தெரியும் என்று அவள் கேட்க, மச்சினன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, தம் தம் என்று மேளம் அடித்தான். பெட்டைதான் தொண்டைப்பையை உப்பவைத்து அப்படி முழங்கும். சேவல் உறுமுவதோடு சரி. அதே நேரத்தில் வேலிக்குள்ளிருந்து தம் தம் என்று பதில் வந்தது.

அதன்பின் கூட்டம் அவன் பக்கம் திரும்பிவிட்டது. முட்டை கரும்பச்சை, அறுநூறு கிராம் வரும் என்றான். பதினெட்டு மாதத்துக்குமேல் முட்டைக்கு வரும் என்றான். கிட்டே போகாதீர்கள், உதைத்தால் தொடை கிழிந்துவிடும் என்று ஜெர்மன்காரரைக் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினான். கூழாங்கல்லை விழுங்கும், ஆணியையும் விழுங்கும், சாவியைப் பத்திரமாக வையுங்கள் என்றான். உள்ளூர்ப் பாட்டி கைப்பையை மூடிக்கொண்டார். மகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். காக்கிப் பெண் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு அவள் தன் பங்குக்கு, சேவல்தான் அடைகாக்கும், எட்டு வாரம் ஏறக்குறைய சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் முட்டைமேலேயே உட்கார்ந்திருக்கும் என்று சொன்னாள்.

"நாங்க மட்டும்?" என்றான் மச்சினன். "கம்பெனி வாசல்ல உக்காந்தோமே."

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. இவ்வளவும் இவருக்கு எப்படித் தெரியும், கால்நடை மருத்துவரா?

"ஈமு வளர்த்தார்," என்றாள் மகள்.

"எங்கே?"

"இந்தியாவில்."

காக்கிப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "ஏன்?" என்று கேட்டாள்.

அந்த 'ஏனுக்கு' மகளிடம் பதில் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் ஈமுவைப் பார்த்தேன். மரத்தின்மேலே இருந்த குக்கபரா ஒன்று அப்போது பார்த்துச் சிரித்தது. அந்தப் பறவையின் கூவலே மனிதச் சிரிப்பாகத்தான் இருக்கும், அதற்கு எங்கள் கதை தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழைய டார்சன் படங்களில் காட்டின் சத்தமாக அதன் குரலைச் சேர்ப்பார்கள். அன்றைக்கு எங்களுக்காகச் சேர்த்துவிட்டார்கள்.

நல்லவேளையாகக் காக்கிப் பெண் ஈமு யுத்தத்துக்குப் போய்விட்டாள். கட்டுக்கதை இல்லை, நடந்தது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலம் கொடுத்துக் கோதுமை போடச் சொன்னது அரசாங்கம். 1932-இல் கேம்பியன் பகுதியில் இருபதாயிரம் ஈமு வயலுக்குள் இறங்கிவிட்டன. விவசாயிகள் கேட்க, மேஜர் மெரிடித் தலைமையில் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியும் பத்தாயிரம் தோட்டாவும் போயின. நவம்பரில் சண்டை. சுட்டதும் ஈமுக்கள் சின்னச் சின்னக் கும்பலாகப் பிரிந்து ஓடின. பதுங்கியிருந்து சுடும்போது துப்பாக்கி அடைத்துக்கொண்டது. லாரியில் ஏற்றித் துரத்தினார்கள். மேடுபள்ளத்தில் லாரியால் பிடிக்க முடியவில்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற பறவை. ராணுவம் திரும்பிப் போனது, ஈமு அங்கேயே இருந்தது. அரசுச் சின்னத்தில் கங்காருவோடு அது நிற்பதைக் குறித்து அதன்பின் ஒருவரும் ஆட்சேபிக்க முடியாதபடி ஆயிற்று.

மச்சினன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வேலியில் கை ஊன்றி, "இதுக்குப் போயி எதுக்குங்க துப்பாக்கி?" என்றான். "எங்க ஊர்ல ரெண்டு பேரை அனுப்பியிருந்தா ஒரு ஸ்கீமைப் போட்டு மொத்தத்தையும் முடிச்சிருப்பாங்க."

இதையும் மகள் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இந்த விஷயம் பேசப்பட்டது அப்போதுதான். பேசியதும் அவன் சிரித்தான். சிரித்ததும் அவன் அக்கா சிரித்தாள். தீவனம் நின்ற பிறகும் அவன் தன் கைக்காசில் மாசக்கணக்கில் சோளம் வாங்கிப் போட்டான் என்பதை அங்கேதான் நான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். "பட்டினி போடறதுக்கு மனசு வரலீங்க மாமா. அதுவா வந்து கையெழுத்து வாங்குச்சு?"

நான் சர்ச்சிலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாட்டு மிருகத்தைக் கண்டு மயங்குவதில் ஈரோட்டை மட்டும் கேலி செய்வது அநியாயம். இதே விக்டோரியாவில் 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலச்சுவான்தார், வேட்டைக்கு இருக்கட்டும் என்று இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல் வரவழைத்துத் தன் பண்ணையில் விட்டார். அவை கண்டம் முழுக்கப் பரவிவிட, வேலி போட்டு, விஷம் வைத்து, நோயைப் பரப்பி, இன்றுவரை போராடுகிறார்கள். அதற்கு அடுத்த சில வருஷத்தில் மெல்போர்ன் காய்கறித் தோட்டங்களில் பூச்சி தின்னட்டும் என்று கொண்டுவந்து விட்டது நம் ஊர் மைனாவை.

அந்த மைனாவை நாங்கள் காபிக்கடை மேஜையில் சந்தித்தோம். மஞ்சள் மூக்கு, மஞ்சள் கால், அதே திமிர் நடை. கூண்டு இல்லை, டிக்கெட் இல்லை. அந்த இடத்திலேயே சுதந்திரமாக இருந்த ஒரே பிராணி அதுதான். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கேக்கைப் பிய்த்துப் போட்டாள். பக்கத்து மேஜைக்காரர் முகத்தைச் சுளித்தார். பேத்தி கையைப் பிடித்துத் தடுத்தாள்: "அம்மாயி, அதுக்குச் சாப்பாடு போடக் கூடாது. அது மத்த பறவைங்க கூட்டையெல்லாம் புடுங்கிக்கும்." உலகத்தின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் மைனாவுக்கும் இடம் உண்டு. என் மனைவி அதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"அது என்ன தானாவா கப்பலேறி வந்துச்சு?" என்றாள். கேக்கின் மீதியையும் போட்டாள்.

கணக்குப் பார்த்தால் வியாபாரம் சரியாக இல்லை. அவர்கள் மரம் எங்கள் மலையில் காடாகிவிட்டது. எங்கள் மைனா அவர்கள் ஊரில் வெட்டு வெட்டு என்று வெட்டுகிறது. அவர்கள் ஈமு மட்டும்தான் எங்களிடம் வந்து நொடித்துப்போனது. ராணுவத்தைத் தோற்கடித்த பறவை, பெருந்துறையில் ஒப்பந்தப் பத்திரத்தில் மாட்டிக்கொண்டது.

வெளியே போகப் பொம்மைக்கடை வழியாகத்தான் போக வேண்டும். கோலா பொம்மை, கங்காரு பொம்மை, பூமராங். ஒரு மூலையில் சின்ன பாட்டில்கள் அடுக்கியிருந்தன. மச்சினன் ஒன்றை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு லேபிளைப் படித்தான். ஈமு எண்ணெய். மூட்டு வலிக்குத் தேய்ப்பது.

"மாமா," என்றான், குரல் தழுதழுத்தது. "நெஜமாவே விக்கிறாங்க."

விலையைப் பார்த்தான். ஐம்பத்தைந்தால் பெருக்கினான். மறுபடி பெருக்கினான். ஒரு பறவைக்கு எத்தனை லிட்டர் இறங்கும் என்று எங்கோ மேலே பார்த்துக் கணக்குப் போட்டான். அவன் அக்கா, "தம்பி, அதை எடுத்த எடத்துலயே வெய்யி" என்றாள். வைத்தான். ஆனால் போகிற போக்கில் வேலிப்பக்கம் மறுபடி ஓடிப்போய், ஈமுவின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

காரில் ஏறியதும் அதைத் தன் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினான். அவனோடு பணம் கட்டி ஏமாந்தவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழு. வழக்குக்கு அடுத்த தேதி எப்போது என்று கேட்பதற்காக ஆரம்பித்தது, இப்போது காலை வணக்கம் மட்டும் வரும். "ஆஸ்திரேலியாவில். நம்ம ஆளு நல்லா இருக்கான்" என்று எழுதியிருந்தான்.

பெருந்துறையில் அப்போது காலை நேரம். கார் மண் ரோட்டைத் தாண்டுவதற்குள் போன் அதிர ஆரம்பித்தது. ஒருவர் கைகூப்பினார், ஒருவர் அழுதார், ஒருவர் கெட்ட வார்த்தையில் ஈமுவின் வம்சத்தை விசாரித்தார். மகள் ஓட்டிக்கொண்டே, "என்ன மாமா போடறாங்க?" என்று கேட்டாள்.

மச்சினன் கடைசியாக வந்ததை வாசித்தான். "சிவகிரியிலேர்ந்து ஒருத்தர் கேக்கறாரு கண்ணு. அங்க தீவனம் கம்பெனி குடுக்குதா, நாமளே போடணுமாங்கறாரு."